பைக் என்றால் எந்த பைக்? மின்சைக்கிள் விபத்துக்குக் குறியீடு தேர்வது

எங்கள் வேலை மெடிக்கல் கோடிங்: நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை, அதாவது சார்ட்டைப் படித்து, ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க வகைப்பாட்டு நூலிலிருந்து காயத்துக்கும் அது நேர்ந்த விதத்துக்கும் குறியீடு போடுவது. போன மாதம் பயிற்சி வகுப்பில் ஒரே சார்ட்டை மூன்று பேரிடம் கொடுத்தேன். மூவரும் இரண்டு மூன்று வருடமாக அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சி சார்ட்டுகளைப் பார்ப்பவர்கள். நியூயார்க்கில் உணவு டெலிவரி செய்யும் ஒருவரைத் தெருமுனையில் திரும்பிய கார் இடித்துத் தள்ளியிருக்கிறது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்முனை வெளிப்பக்கமாக உடைந்து விலகியிருக்கிறது. டாக்டர் குறிப்பில் விபத்தைப் பற்றி ஒரே வரி: பைக்கில் வந்தவர் மீது கார் மோதியது.

எலும்பு முறிவுக்கு மூவரும் எஸ்82.121ஏ என்று ஒன்றுபோலப் போட்டார்கள். விபத்துக்கான குறியீட்டில்தான் பிரிந்தார்கள். ஒருவர் வி13.4எக்ஸ்எக்ஸ்ஏ: மிதிசைக்கிள் ஓட்டியவர். இன்னொருவர் வி23.49எக்ஸ்ஏ: மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். மூன்றாவது பெண் வி23.41எக்ஸ்ஏ: மின்சைக்கிள் ஓட்டியவர். அவள் மட்டும்தான், நோயாளி வந்ததும் முதலில் பார்க்கும் ட்ரையாஜ் நர்ஸ் எழுதியதையும் திறந்து படித்திருந்தாள். அங்கே "இ-பைக்" என்று தெளிவாக இருந்தது.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிற நமக்கு, இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் காதில் "பைக்" என்று விழுந்தாலே ஸ்ப்ளெண்டரோ பல்சரோதான் கண்முன் வரும். மிதிப்பது என்றால் அது சைக்கிள். அமெரிக்க டாக்டருக்கு இது நேர் எதிர். அவர் பைக் என்று எழுதினால் பெரும்பாலும் மிதிவண்டியைத்தான் சொல்கிறார், சில சமயம் மோட்டார் சைக்கிளையும் சொல்கிறார், இப்போதெல்லாம் மின்சைக்கிளையும் அதே சொல்லில் அடக்கிவிடுகிறார். "ஸ்கூட்டர்" இன்னும் மோசம். நமக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் ஓலா, ஏத்தர். அவர்களுக்கு அது நின்றுகொண்டு போகிற, கைப்பிடி வைத்த பலகை. வகுப்பில் வி23.49 போட்ட பையனை நான் குறை சொல்லவில்லை. அவன் தன் ஊர்ச் சொல்லை நம்பினான். ஆனால் சார்ட்டில் இருப்பது நம் ஊர்ச் சொல் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆக, மின்சைக்கிள் மோதல் என்று ஒரு சார்ட் வந்தால் கையில் என்னென்ன வழிகள், எதை எப்போது எடுப்பது என்று பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் எங்கேயாவது மின்சைக்கிள் என்று எழுதியிருந்தால் வி20 முதல் வி29 வரையிலான வரிசையும், அதில் மின்சைக்கிளுக்கென்று பிரித்த இலக்கமும்தான். மற்ற வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு, ஆனால் அந்த நியாயம் குறிப்பிட்ட சார்ட்டில் இருந்தால் மட்டுமே அதை எடுக்கலாம்.

மிதிசைக்கிள் வரிசை: வி10 முதல் வி19

பலர் கை தானாகப் போவது இங்கேதான். குறியீடு தேடும் மென்பொருளான என்கோடரில் சைக்கிள் என்று தட்டினால் முதலில் வந்து நிற்பதும் இதுதான். சட்டமும் இந்தப் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். அமெரிக்காவில் 2002-இல் வந்த மத்திய சட்டம், முழுமையாக இயங்கும் மிதியும், 750 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மோட்டாரால் மட்டும் மணிக்கு 20 மைலுக்குக் குறைந்த வேகமும் உள்ள சைக்கிளை மோட்டார் வாகனமாக இல்லாமல் நுகர்பொருளாக வைத்தது. கலிபோர்னியா 2015-இல் மூன்று வகுப்பாகப் பிரித்தது: மிதித்தால் மட்டும் உதவும் முதல் வகுப்பு, மிதிக்காமலே ஓடும் இரண்டாம் வகுப்பு, மிதித்தபடி 28 மைல் வேகம் வரை உதவும் மூன்றாம் வகுப்பு. மூன்றுமே அங்கே சட்டப்படி சைக்கிள்தான். நம் நாட்டு விதியும் ஏறக்குறைய இப்படித்தான். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே இல்லை, பதிவெண் வேண்டாம்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் நல்ல கோடர்கள்தான் இந்த இடத்தில் தவறுகிறார்கள். வகைப்பாட்டு நூலுக்குத் தனி இலக்கணம் உண்டு. மிதிசைக்கிள் என்பதற்கு அது தரும் வரையறை, மிதியால் மட்டுமே இயங்கும் வாகனம் என்பது. அந்த "மட்டுமே" போதும். மோட்டார் சைக்கிள் வரிசையின் கீழ் மொபெட்டையும் மோட்டார் பொருத்திய சைக்கிளையும் அது நெடுங்காலமாகவே சேர்த்து வைத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமம் வேண்டுமா, பதிவெண் வேண்டுமா என்பது போக்குவரத்துத் துறையின் கேள்வி. நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, மனிதனை நகர்த்தியது அவன் கால் மட்டும்தானா என்பது.

மிதிசைக்கிள் வரிசை சரியாக இருக்கும் சந்தர்ப்பம் ஒன்றுதான். சார்ட்டில் சைக்கிள் என்று தெளிவாக எழுதியிருந்து, மோட்டாரைப் பற்றி எங்கும் பேச்சே இல்லாதபோது. வாடகை சைக்கிளாக இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நியூயார்க்கின் சிட்டி பைக்கில் மிதிசைக்கிளும் உண்டு, மின்சைக்கிளும் உண்டு. அந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

மின்சைக்கிளுக்கென்று வந்த இலக்கம்

2022 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐசிடி-10-சிஎம் பதிப்பில்தான் இந்தப் பிரிவு வந்தது. அதற்கு முன் மோட்டார் சைக்கிள் வரிசைக்குள் போட்டாலும் மின்சைக்கிள் தனியாகத் தெரியாது. ஹார்லியில் போனவரும் பேட்டரி சைக்கிளில் போனவரும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவார்கள். மிதிசைக்கிளில் போட்டாலோ பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கலந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் போட்டாலும் காணாமல் போவது உறுதி. அந்தக் காலத்தில் நானும் பல சார்ட்டுகளில் வி13 போட்டிருக்கிறேன். அவற்றை இன்று யாரும் பிரித்தெடுக்க முடியாது என்பது இப்போதும் மனதை உறுத்துகிறது.

அமைப்பு எளிது. முதல் மூன்று இடம், காயம்பட்டவர் எதில் போனார், எதன் மீது மோதினார் என்று சொல்கிறது. வி20 என்றால் பாதசாரி அல்லது விலங்கு, வி21 மிதிசைக்கிள், வி22 இருசக்கர அல்லது முச்சக்கர மோட்டார் வாகனம், வி23 கார், பிக்கப், வேன், வி24 லாரி, பஸ், வி27 அசையாப் பொருள். வி28 மோதலே இல்லாமல் சறுக்கி விழுந்தது போன்றவை. அடுத்த இலக்கம் ஓட்டியவரா பின்னால் உட்கார்ந்தவரா, பொதுச்சாலையிலா வேறிடத்திலா என்பது. பொதுச்சாலையில் ஓட்டியவர் என்றால் 4, பின்னால் இருந்தவர் என்றால் 5. அதற்கடுத்து வருவதுதான் புதிது. 1 என்றால் மின்சைக்கிள், 9 என்றால் மற்ற மோட்டார் சைக்கிள். மிச்சமுள்ள காலி இடத்தை எக்ஸ் நிரப்பும்; ஏழாவது இடத்தில் வரும் ஏ பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆகவே காரில் மோதிய மின்சைக்கிள் ஓட்டுநருக்கு வி23.41, இரண்டு மின்சைக்கிள்கள் மோதிக்கொண்டால் வி22.41, ட்ராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கித் தானாக விழுந்தால் வி28.41. எப்படி நடந்தது என்றே தெரியாமல் சாலை விபத்து என்று மட்டும் இருந்தால் வி29.91.

இந்த மாற்றம் சாதாரண மோட்டார் சைக்கிள் சார்ட்டையும் தொட்டது. பழைய வி23.4எக்ஸ்எக்ஸ்ஏ இப்போது செல்லாது. 41 அல்லது 49 என்று முடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காப்பீட்டுக்கு அனுப்பும் க்ளெய்ம், எடிட் எனும் சரிபார்ப்பிலேயே நின்றுவிடும். பழைய சீட்டை மேசையில் ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள். அதே நேரம் 2022 செப்டம்பர் 30 வரையிலான சார்ட்டை மறுதணிக்கை செய்தால் அந்தக் காலக் குறியீடுதான் சரி.

குறியீட்டின் தலைப்பைப் பற்றி வகுப்பில் அடிக்கடி கேள்வி வருகிறது. மின்சார என்பதற்குப் பிறகு, உதவி பெறும் என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அப்படியென்றால் மிதிக்காமல் த்ராட்டிலில் ஓடுகிற இரண்டாம் வகுப்பு வண்டி இதில் சேராதா என்று கேட்கிறார்கள். சேரும். இந்த நூலில் அடைப்புக்குறிக்குள் வரும் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறியீடு மாறாது. அது முதல் வாரப் பாடம், ஆனால் இங்கேதான் நிஜமாகவே கைகொடுக்கிறது.

பொதுச்சாலையா என்பதில் ஒரு வார்த்தை. வேறிடம் என்று எழுதப்படாதவரை சாலையில் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. பூங்காவுக்குள்ளே, வீட்டு வாகனப் பாதையில், பார்க்கிங் இடத்தில் என்று இருந்தால் மட்டும் 4 இருந்த இடத்தில் 0 வரும், வி23.01 என்று ஆகும். இடத்துக்கான ஒய்92 வரிசையைத் தேர்வு செய்யும்போது இதோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஆடிட்டில் பார்க்கும் பொதுவான பிழை அதுதான். முன்னால் பொதுச்சாலை, பின்னால் பார்க்கிங் இடம்.

ஸ்கூட்டர் என்ற பெயரில் நான்கு வண்டிகள்

சார்ட்டில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று இருந்தால் மின்சைக்கிள் குறியீட்டை எடுக்கக் கூடாது, நம் ஊர் ஏத்தரையும் நினைக்கக் கூடாது. நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டருக்கு 2020 அக்டோபரிலேயே வி00.84 வரிசை வந்துவிட்டது. அதிலிருந்து விழுந்தால் வி00.841, அசையாப் பொருளில் மோதினால் வி00.842. முக்கியமான வேறுபாடு, அதில் போனவரை நூல் பாதசாரியாகவே கணக்கில் வைக்கிறது. முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் உட்கார்ந்து போகும் ஸ்கூட்டருக்கு வி00.83. குழந்தைகள் காலால் தள்ளும் மோட்டாரில்லாத ஸ்கூட்டருக்கு வி00.14. உட்கார்ந்து சாலையில் ஓட்டுகிற, வெஸ்பா போன்ற மோட்டார் ஸ்கூட்டர் மட்டும் வி20 முதல் வி29-க்குள், 9 என்ற இலக்கத்தோடு போகும்.

வாடகை நிறுவனத்தின் பெயர் இங்கேயும் உதவாது. லைம் நிறுவனம் நிற்கும் ஸ்கூட்டரையும் மின்சைக்கிளையும் சேர்த்தே வாடகைக்கு விடுகிறது. நின்றாரா, உட்கார்ந்தாரா, மிதி இருந்ததா என்பதைச் சொல்லும் ஒரு சொல் சார்ட்டில் கிடைத்தால்தான் தீர்மானிக்க முடியும்.

மிதியே இல்லாத மின்வண்டிகள்

பதின்பருவப் பையன்கள் ஓட்டும் சர்ரான் போன்றவை வேறு கதை. பெற்றோர் அதை மின்சைக்கிள் என்று சொல்லியிருக்கலாம், நர்ஸும் அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் சார்ட்டில் எலெக்ட்ரிக் டர்ட் பைக் என்று இருந்தால் அது வி86 வரிசை. சாலையில் என்று சொல்லப்பட்டிருந்தால் வி86.06, இல்லாவிட்டால் வி86.56. சாலை பற்றிய பொதுவிதி இங்கே தலைகீழாகிறது என்பதைக் கவனியுங்கள். கரடுமுரடான தரைக்கென்று செய்த வண்டி மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால், சாலை என்று சொல்லாதவரை சாலைக்கு வெளியே என்றுதான் எடுக்க வேண்டும்.

ஒரே சார்ட்டில் ஓரிடத்தில் இ-பைக், இன்னோரிடத்தில் டர்ட் பைக் என்று இருந்தால் நீங்களாகத் தேர்வு செய்யாதீர்கள். பிராண்டைக் கூகிளில் தேடிப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நம் ஆபீஸ்களில் பரவியிருக்கிறது. ஆர்வம் நல்லதுதான், ஆனால் அந்தப் படம் சார்ட்டின் பகுதி இல்லை.

கேட்பதா, பொதுக் குறியீட்டைப் போட்டுவிட்டு நகர்வதா

உண்மையான தேர்வு பல நாட்களில் இதுதான். டாக்டர் "பைக்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். நேரமோ நள்ளிரவு தாண்டிவிட்டது, இன்னும் முப்பது சார்ட் பாக்கி, ப்ரொடக்‌ஷன் டார்கெட் கண்முன் நிற்கிறது. போன வாரம் ஒரு புதுப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, மண்டை இவ்வளவு அடிபட்டிருக்கு, கண்டிப்பா மோட்டார் வண்டிதானே?" என்று கேட்டாள். அவள் தவிப்பு புரிந்தது. ஆனால் காயத்தின் கடுமையை வைத்து வாகனத்தை ஊகிக்கக் கூடாது. இறக்கத்தில் வரும் சாதா சைக்கிளிலும் மூளையுறைக்குக் கீழ் ரத்தம் கட்டலாம், மின்சைக்கிளில் விழுந்தும் சிராய்ப்போடு எழுந்து போகலாம்.

நான் செய்வது இது. முதலில் ட்ரையாஜ் குறிப்பு, பிறகு ஆம்புலன்ஸ் ஊழியரின் அறிக்கை, பிறகு ட்ராமா குழுவின் குறிப்பு. பேட்டரி, மோட்டார், மிதிக்காமல் போனது, மணிக்கு இத்தனை மைல் என்று ஏதாவது ஒரு சொல் பெரும்பாலும் இந்த மூன்றில் எங்கோ இருக்கும். யாருடைய குறிப்பிலிருந்து எடுக்கலாம் என்பதில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனிக் கொள்கை உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் க்வெரி, அதாவது டாக்டரிடமே விளக்கம் கேட்பது. கேள்வி பதிலைத் திணிக்கக் கூடாது. "இவர் மின்சைக்கிளில்தான் வந்தாரா?" என்று கேட்பது தவறு. மிதியால் மட்டும் இயங்கும் சைக்கிள், மின்சைக்கிள், மோட்டார் சைக்கிள், வேறு, தெரியவில்லை என்று எல்லாவற்றையும் வைத்து, எது என்று கேட்க வேண்டும்.

காயம் எப்படி நேர்ந்தது என்று சொல்லும் வெளிக்காரணக் குறியீட்டுக்காக க்வெரி அனுப்ப அனுமதிக்காத ப்ராஜெக்ட்டுகளும் உண்டு. அங்கே எந்த வாகனம் என்று தெரியாத வி89.9 இருக்கிறது. கடைசி வழியாக அது நேர்மையானது. முதல் வழியாக எடுத்தால் சோம்பல்.

இதெல்லாம் கட்டாயமா என்ற கேள்வி

கட்டாயமில்லை என்று சொல்லி மொத்த வி வரிசையையும் விட்டுவிடும் குழுக்களும் இருக்கின்றன. அவர்கள் பக்கமும் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்கா முழுமைக்குமான கட்டாயம் கிடையாது. மாநிலச் சட்டமோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால்தான் கட்டாயம். இந்தக் குறியீடு ஒருபோதும் முதலிடத்தில் வராது, ஆஸ்பத்திரிக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கும் டிஆர்ஜி என்ற பிரிவை உயர்த்தாது.

ஆனாலும் பணத்தோடு சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. டெலிவரி ஊழியர் வேலையில் இருந்தபோது அடிபட்டால் ஒய்99.0 வருகிறது, சிஎம்எஸ்-1500 என்ற க்ளெய்ம் படிவத்தில், வேலையால் நேர்ந்ததா என்று கேட்கும் 10ஏ கட்டம் அதோடு பொருந்த வேண்டும். கார் மோதியது என்றால், வாகன விபத்தா என்று கேட்கும் 10பி கட்டம். இவை ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் க்ளெய்மை நிறுத்திவைத்து, விபத்து விவரம் கேட்டு நோயாளிக்குக் கடிதம் அனுப்பும். கால் உடைந்து சம்பளமில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரை நாம் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. நாம் அவருக்குச் செய்யக்கூடியது குறியீட்டையும் இந்த இரண்டு கட்டங்களையும் ஒரே கதை சொல்ல வைப்பதுதான்.

பெருங்காயங்களின் விவரங்களைத் திரட்டும் ட்ராமா ரெஜிஸ்ட்ரிக்குப் போகும் சார்ட் என்றால் விடுவதற்கே இடமில்லை, அங்கே முதன்மை வெளிக்காரணக் குறியீடு தேவையான புலம். மின்சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டுமா, வேகவரம்பு எவ்வளவு வைக்கலாம், ஹெல்மெட் யாருக்குக் கட்டாயம் என்று அங்கே நகரங்கள் விவாதிக்கும்போது எடுத்துப் பார்ப்பது இப்படிச் சேர்ந்த எண்களையும்தான். அதனால்தான் 41-க்கும் 49-க்கும் இடையில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன்.

தொடர்சிகிச்சை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழாவது இடத்தில் வரும் ஏ என்பது முதல் வருகை என்று பொருள்படாது, காயத்துக்கான நேரடி சிகிச்சை நடக்கும்வரை ஏ-தான். அறுவை சிகிச்சை நிபுணர் மறுவாரம் பிளேட் வைத்தாலும் ஏ. குணமாகும் கட்டத்தில் காயத்துக்கும் விபத்துக்கும் டி. ஒய்92-ம் ஒய்99-ம் முதல் முறையோடு சரி, மறுபடி எழுத வேண்டாம்.

மோதப்பட்டவர் நடந்து போனவராக இருந்தால்

இந்த ஒரு இடத்தில் எனக்கு நல்ல விடை இல்லை. முதியவர் ஒருவர் தெருவைக் கடக்கும்போது மின்சைக்கிள் மோதி இடுப்பெலும்பு முறிகிறது. அவருக்குக் குறியீடு பாதசாரி வரிசையில் வரும். வி01 என்றால் மிதிசைக்கிள் மோதியது, வி02 என்றால் இருசக்கர அல்லது முச்சக்கர மோட்டார் வாகனம் மோதியது. ஓட்டியவரை மோட்டார் சைக்கிள் வரிசையில் வைத்த அதே நியாயப்படி வி02.10எக்ஸ்ஏ எடுக்கிறேன். வி01-ஐ விட அது சரியானது. ஆனால் அங்கே மின்சைக்கிளுக்கென்று தனி இலக்கம் கிடையாது. மிதிசைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரை மின்சைக்கிள் இடித்தாலும் இதே கதைதான், வி12 என்று போட்டால் இடித்தது என்ன வண்டி என்பது மறைந்துவிடும். விழுந்த ஓட்டுநர் மின்சைக்கிளாகப் பதிவாகிறார். அவர் இடித்த மனிதர் ஏதோ ஒரு மோட்டார் வண்டியால் இடிபட்டவராகப் பதிவாகிறார்.

அதனால் அப்படிப்பட்ட சார்ட்டுகளில், ரெஜிஸ்ட்ரியில் விபத்து விவரம் எழுத இடம் இருந்தால், குறியீட்டைப் போட்டுவிட்டு அந்த இடத்தில் "இ-பைக் மோதியது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். பத்து நொடி வேலை. என் குழுவில் இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள், வகுப்பில் வி23.49 போட்ட அந்தப் பையனும்தான்.